கர்ப்பிணித் தாயின் எடையும் குடல் நுண்ணுயிர்களும்: பவுடர் டின் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் ஒரு பெண் வாயும் வயிறுமாக இருந்தால், "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடும்மா" என்பார்கள் பெரியவர்கள். கிளினிக்கில் தாதி தராசைப் பார்த்துவிட்டு, "எடை கூடிப்போச்சு, கவனமா இருங்க" என்பார். கைப்பேசியைத் திறந்தாலோ, குடலில் நல்ல கிருமிகளை வளர்க்குமாம் என்று ஒரு பவுடர் டின் விளம்பரம் வந்து நிற்கும். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

இந்தக் கேள்வி நம் சமூகத்திற்கு முக்கியமானது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். 2019இல் இது 50.1 விழுக்காடாக இருந்தது. உடற்பருமனிலும் இனிப்பு நீர் நோயிலும் இந்தியர்களின் விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம்.

எவ்வளவு எடை அதிகம்?

உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ அளவையே மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஆசியர்கள் குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து நோய்க்கு ஆளாவதால், நமக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 27.5க்கு மேல் உடற்பருமன் என்று கொள்ளப்படுகிறது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 55 கிலோவைத் தாண்டினால் கூடுதல் எடை. 66 கிலோவைத் தாண்டினால் உடற்பருமன். இங்கே பார்க்க வேண்டியது கருத்தரிப்பதற்கு முன் இருந்த எடையை.

உடற்பருமனோடு கருத்தரிக்கும்போது கர்ப்பகால இனிப்பு நீர், உயர் ரத்த அழுத்தம், அது முற்றி வரும் பிரிக்ளாம்ப்சியா, 4 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய குழந்தை, சிசேரியன், பிரசவத்திற்குப் பின் ரத்தக் கட்டி ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்தும் ஓரளவு உயர்கிறது. பருமனான எல்லாருக்கும் இவை வரும் என்று அர்த்தமில்லை. முன்கூட்டியே கவனித்தால் பெரும்பாலானவற்றைச் சமாளிக்க முடியும்.

குடலில் என்ன நடக்கிறது?

நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. காய்கறி, பருப்பு, தானியங்களில் உள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அதை உண்பவை இவைதான். அப்போது அவை உண்டாக்கும் சில அமிலங்கள் குடல் சுவரைப் பலப்படுத்துகின்றன. நார்ச்சத்து குறைந்து, எண்ணெயும் சீனியும் கூடும்போது நுண்ணுயிர்களின் கலவை மாறுகிறது. குடல் சுவர் பலவீனமாகி, கிருமிகளின் கழிவுகள் ரத்தத்தில் கசிகின்றன. உடலில் மெல்லிய அழற்சி ஏற்பட்டு, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இந்தத் தொடர் விலங்குகளில் தெளிவாகக் காணப்பட்டுள்ளது. மனிதர்களில் எது காரணம், எது விளைவு என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

கர்ப்பம் தானாகவே இந்தக் கலவையை மாற்றுகிறது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், பின்லாந்தைச் சேர்ந்த 91 கர்ப்பிணிகளின் மலம் பரிசோதிக்கப்பட்டது. முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் இருந்த நுண்ணுயிர்கள் பெரிதும் வேறுபட்டன. கடைசி மாதங்களின் நுண்ணுயிர்களைக் கிருமியே இல்லாத எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் உடலில் கொழுப்பு கூடியது. இன்சுலினின் வேலை மந்தமானது. வயிற்றில் வளரும் பிள்ளைக்குச் சத்து போய்ச் சேர, தாயின் உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் ஏற்கெனவே உடற்பருமன் உள்ள தாய்க்கு, இதே ஏற்பாடு வரம்பு மீறி இனிப்பு நீரில் கொண்டுபோய் விடலாம்.

பிள்ளைக்குப் போவது என்ன?

சுகப்பிரசவத்தில் குழந்தை முதலில் பெறுவது பெரும்பாலும் தாயின் பிறப்புறுப்பு, குடல் நுண்ணுயிர்களை. சிசேரியனில் தோலில் உள்ளவை முந்திக்கொள்கின்றன. அதற்காக, தேவையான அறுவை சிகிச்சையை மறுக்கவோ, பிறகு வருந்தவோ வேண்டாம். தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை குழந்தையின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கான உணவு. எந்த முறையில் பிறந்தாலும் தாய்ப்பால் கொடுப்பது கைகொடுக்கும்.

பவுடர் உதவுமா?

நல்ல நுண்ணுயிர் அடங்கிய மருந்துப்பொருள்களைப் புரோபயாட்டிக் என்கிறார்கள். 2010இல் வெளியான பின்லாந்து ஆய்வில், பெரும்பாலும் இயல்பான எடையுள்ள கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனையோடு இது கொடுக்கப்பட்டது. அவர்களில் 13 விழுக்காட்டினருக்கே கர்ப்பகால இனிப்பு நீர் வந்தது. உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 36 விழுக்காடு. விளம்பரங்கள் இத்தோடு நின்றுவிடுகின்றன.

கூடுதல் எடையும் உடற்பருமனும் உள்ள 411 கர்ப்பிணிகளிடம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. புரோபயாட்டிக் எடுத்தவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 12.3 விழுக்காட்டினருக்கும் இனிப்பு நீர் வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாக இருக்கலாம். ஆனால் பலன் எதுவும் தெரியவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, கர்ப்ப காலத்தில் புரோபயாட்டிக் எடுப்பது பிரிக்ளாம்ப்சியா ஆபத்தைக் கூட்டுகிறது என்று எச்சரித்தது. யாருக்கு உதவும் என்று விற்கிறார்களோ, அவர்களுக்கே பலன் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். மெலிய வைக்கும் தேநீர், மூலிகைக் கஷாயங்களுக்கும் இதே பதில்தான்.

அப்படியென்றால் என்ன செய்வது?

கர்ப்பத்தில் பட்டினி கிடந்து மெலிய முயலக்கூடாது. எடை ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 2009 வழிகாட்டலின்படி, கூடுதல் எடை உள்ளவர் பிரசவம் வரை 7 முதல் 11.5 கிலோவும், உடற்பருமன் உள்ளவர் 5 முதல் 9 கிலோவும் ஏறலாம்.

தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும். கங்கோங், முருங்கைக்கீரை, பருப்பு, கடலை, கேழ்வரகு எல்லாம் விலை குறைந்த நார்ச்சத்து. சூசு ஊற்றிய தேநீருக்குப் பதில் தே ஓ கோசோங். தோசை மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களால்தான். ஆனால் சூடான கல்லில் அவை இறந்துவிடும். உயிரோடு வேண்டுமென்றால் தயிர், மோர் குடிக்கலாம். மருத்துவர் தடுக்காவிட்டால் தினமும் அரை மணி நேரம் நடக்கலாம்.

நாள் தள்ளிப்போனதும் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். பிஎம்ஐ 27க்கு மேல் இருந்தாலோ, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இனிப்பு நீர் இருந்தாலோ, முந்தைய பிள்ளை 4 கிலோவுக்கு மேல் பிறந்திருந்தாலோ, சீனித் தண்ணீர் சோதனையை முதல் வருகையிலேயே செய்வார்கள். அதில் குறை இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்திற்குள் மீண்டும் செய்வார்கள். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்திற்குப் பின் 7.8, இதில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால இனிப்பு நீர்தான்.

இனிப்பு நீர் வந்த தாய்மார்கள், பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தையோடு எப்படிப் போவாள் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிற்காலத்தில் நிரந்தர இனிப்பு நீர் வரும் ஆபத்து இவர்களுக்கே அதிகம். அன்று ஒரு காலைப் பொழுது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் முன்வந்தால், அது அந்தத் தாய்க்குப் பெரிய உதவி.