கூரை உள்ளவருக்கு மட்டும்தானா வெயில்?

மாலை ஐந்தரை மணி. வெலிங்டன் தீவின் படகுத்துறையில் மட்டாஞ்சேரிப் படகுக்காக ஒரு கூட்டம் காத்து நிற்கிறது. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தாக்கள், கிடங்குத் தொழிலாளர்கள், ஓட்டல் ஊழியர்கள். அந்தக் கூட்டத்தில் நம் தமிழ்க் குரல்களுக்குக் குறைவில்லை. அன்று பேச்சு கரண்ட் பில்லைப் பற்றி வந்தது.

"வெயில் சும்மா கிடைக்குது அண்ணாச்சி. அதுல எடுக்கிற கரண்டுக்கு எதுக்குக் காசு?" என்றார் ஓர் இளைஞர்.

"வெயில் சும்மாதான் தம்பி. பேனலும் பாட்டரியும் சும்மாவா வருது? அதை மாட்டுறதுக்கு உனக்குக் கூரை எங்கே இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார் பெரியவர்.

இளைஞர் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல அது. சூரிய மின்சாரம் பற்றிக் கேரளத்திலும் தமிழகத்திலும் நடக்கும் வாதங்கள் எல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. லாபம் யாருக்கு? செலவு யார் தலையில்?

இரண்டு படகுகள்

இதற்குக் கொச்சிக் காயலிலேயே சாட்சி உண்டு. கொச்சி நீர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. பாட்டரியில் ஓடும் இதன் படகுகளைக் கட்டியது நம் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள கொச்சி கப்பல் கட்டும் தளம். புகை இல்லை, இரைச்சல் இல்லை, உள்ளே குளிர்சாதன வசதி. ஜெர்மன் வங்கிக் கடனும் சேர்ந்த இத்திட்டத்தின் மதிப்பு 1,137 கோடி ரூபாய். 2024-ல் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து போர்ட் கொச்சிக்கு இதில் போக 40 ரூபாய் கேட்டார்கள். எர்ணாகுளத்திலிருந்து அதே போர்ட் கொச்சிக்கு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகில் ஆறு ரூபாய்தான். போக வர தினமும் 80 ரூபாய் என்றால் கூலி வாங்குபவருக்குக் கட்டுமா?

"சுத்தமான சக்தி என்றாலே பணக்காரர் சமாசாரம்" என்று இதைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. வைக்கம் போராட்டத்தால் தமிழர் அனைவரும் அறிந்த வைக்கத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகு ஓடுகிறது. எழுபத்தைந்து பேர் ஏறலாம். நாட்டின் முதல் சூரியப் பயணப் படகு இதுதான். கொச்சியில் உள்ள நிறுவனமே வடிவமைத்தது. வாங்கும்போது டீசல் படகைவிட விலை கூடுதல்தான். ஆனால் முதல் மூன்று ஆண்டுகளிலேயே ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் டீசல் மிச்சமானது. பயணியிடம் சூரியன் பெயரைச் சொல்லித் தனிக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

இரண்டும் டீசலை விட்ட படகுகளே. ஒன்றில் 40 ரூபாய், மற்றொன்றில் சாதாரணக் கட்டணம். அப்படியானால் வித்தியாசம் மின்சாரத்தில் இல்லை. முதலை யார் போட்டது, அதை யாரிடம், எத்தனை நாளில் திரும்ப எடுப்பது என்ற முடிவில் இருக்கிறது. அந்த முடிவு அரசியல் முடிவு.

பகலில் கொடுத்து இரவில் வாங்குவது

நெடும்பாசேரி விமான நிலையம் 2015 ஆகஸ்ட் 18 முதல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது. நாற்பத்தைந்து ஏக்கரில் 12 மெகாவாட் நிலையம், செலவு சுமார் 62 கோடி ரூபாய். 2018-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருதும் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் இரவில் இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதை விளக்கு எப்படி எரிகிறது? பகலில் மிஞ்சியதை மின்சார போர்டுக்குக் கொடுத்து, இரவில் அங்கிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். போர்டுதான் பாட்டரி என்று சொல்லலாம்.

வீட்டுக் கூரைகளுக்கும் இதே ஏற்பாடுதான். பகலில் கொடுத்த யூனிட்டை இரவில் எடுத்த யூனிட்டில் கழிப்பார்கள். இதற்குப் பெயர் நெட் மீட்டர். கேரளத்தில் சண்டை மூண்டதும் இங்கேதான்.

போர்டின் வாதம் இது. கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. 2024 மே மாதக் கோடையில் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. முன்பு விளக்கு வைக்கும் நேரத்தில் வந்த உச்சம், ஏ.சி.யாலும் மின்சார வண்டிகளாலும் இப்போது இரவு பத்து மணியை ஒட்டி வருகிறது. அந்த நேரத்தில் வெளிச்சந்தையில் யூனிட் விலை ஏறிக் கிடக்கும். மலிவான பகல் யூனிட்டை வாங்கிக்கொண்டு, விலை ஏறிய இரவு யூனிட்டைத் திருப்பிக் கொடுத்தால் நஷ்டம். அந்த நஷ்டம் பேனல் இல்லாதவர் பில்லில் போய் விழும்.

பேனல் மாட்டியவர்களின் வாதம் வேறு. "சர்க்கார் சொன்னதை நம்பிக் கடன் வாங்கிப் போட்டோம். பாதி வழியில் விதியை மாற்றினால் எப்படி?" 2025-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வரைவு விதிகள், வீடுகளுக்கு நெட் மீட்டர் வசதியை மூன்று கிலோவாட்டோடு நிறுத்தப் பார்த்தன. பலத்த எதிர்ப்பு எழுந்தது. பிறகு வரம்பை உயர்த்தினார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த விவாத மேடையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்தான் அவர்.

வாடகைக்காரர் கணக்கு

2024-ல் வந்த மத்திய சர்க்காரின் 'சூர்ய கர்' திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுபவருக்கு 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி கூரை வேண்டும். மட்டாஞ்சேரி சந்துகளில் ஓர் அறையில் நாலு பேராக இருக்கும் நம்மவருக்கு அது எங்கே? மூணாறு லயங்களில் மூன்று தலைமுறையாக வாழும் தேயிலைத் தொழிலாளிக்கும் தலைக்கு மேல் உள்ள கூரை சொந்தமில்லை.

இன்னொரு கஷ்டமும் உண்டு. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம். ஐந்து அறைகளுக்கு ஒரே மீட்டர் வைத்திருக்கும் வீட்டில் என்ன ஆகும்? ஒவ்வொரு குடும்பமும் 60 யூனிட்தான் செலவழிக்கும். கூட்டினால் 300. ஏழையின் 60 யூனிட்டுக்குப் பணக்காரர் விகிதம்! ஊரில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கண்டு பழகியவருக்கு இது இன்னும் உறைக்கும்.

அவசரமும் ஆபத்து

அதற்காகச் சர்க்காரே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் போதுமா? ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய நிலையம் எழுந்தது. அந்தக் காலத் திட்டங்களுக்குத் தமிழக மின்வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு, 25 ஆண்டுகளுக்கு. எதிர்க்கட்சிகள் அப்போதே கேள்வி எழுப்பின. 2017-ல் அதே தமிழகத்தில் ஏலம் விட்டபோது விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. பேனல் விலை உலகெங்கும் விழுந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் பழைய விலையின் பாரத்தை இன்றும் சுமப்பது வாரியம், அதாவது கட்டணம் கட்டுகிற மக்கள். புதிய சக்தி வேண்டும் என்பது சரி. ஏலம் இன்றி, கணக்கு இன்றி வாங்குவது சரியல்ல.

வழி உண்டா?

உண்டு. டெல்லியில் 2019-லேயே ஒரு முறை வகுத்தார்கள். ஓரிடத்தில் பொதுவாகப் பேனல் வைப்பது, விளையும் யூனிட்டைப் பங்குதாரர்களின் பில்களில் கழிப்பது. கூரை வேறிடத்தில் இருந்தாலும் கவலையில்லை. ஜெர்மனியில் 2024 முதல் 800 வாட் வரை பால்கனியிலேயே மாட்டிக்கொள்ள வாடகைக்காரருக்குச் சட்டமே இடம் தருகிறது.

வெலிங்டன் தீவுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. இங்கே மின்சாரம் வழங்கும் உரிமம் துறைமுகத்திடமே உள்ளது. போர்டிடம் மொத்தமாக வாங்கித் தீவில் வினியோகிப்பது துறைமுகம்தான். மூணாறில் தேயிலைக் கம்பெனிக்கும் அதே போன்ற உரிமம் உண்டு. நீண்ட கிடங்குக் கூரைகள் இங்கே வெயிலில் காய்கின்றன. அங்கே தொழிற்சாலைக் கூரைகள். அந்தக் கூரைகளில் விளைவதில் ஒரு பங்கைத் தொழிலாளர் குடியிருப்புகளின் பில்லில் கழித்தால் என்ன? தொழிற்சங்கங்கள் போனஸோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆணையம் கட்டண விசாரணை நடத்தும்போது பொதுமக்களும் கருத்துச் சொல்லலாம். நம்மவர் எத்தனை பேர் போகிறோம்?

போர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவில் நம் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெயிலை நம்பியே துணி காயவைத்துப் பிழைக்கிறார்கள். அங்கே கொடி பொது, வெயிலும் பொது. இடவப்பாதி மழை வந்தால் கஷ்டமும் எல்லோருக்கும் பொது.

படகு வந்துவிட்டது. பெரியவர் ஏறிக்கொண்டே, "கூரை இல்லாதவனுக்கும் ஒரு பங்குன்னு எழுதிக் கொடுக்கட்டும் தம்பி. அப்புறம் நானும் சூரியனுக்கு ஓட்டுப் போடுறேன்" என்றார்.