பெரியவர் உடலில் சிசுவின் ஹீமோகுளோபின் ஏன்?

கருவிலிருக்கும் குழந்தை தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே அதற்குத் தனி ஹீமோகுளோபின் உண்டு: இரண்டு ஆல்ஃபா சங்கிலிகள், இரண்டு காமா சங்கிலிகள். பிறந்த சில மாதங்களில் காமாவின் இடத்துக்குப் பீட்டா வந்துவிடும். பெரியவர்களில் பெரும்பாலோரிடம் பழையது 1 சதவீதம்கூட இருக்காது. சிலரிடம் மட்டும் கூடுதலாகத் தங்கிவிடுகிறது. எப்படி?

காமா மரபணு அழிவதில்லை, அடக்கி வைக்கப்படுகிறது. அடக்குவதில் முக்கியமானது பி.சி.எல்.11ஏ என்ற புரதம். 2ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணுவில் சிறு வேறுபாடு இருந்தால் பிடி தளரும். 6ஆம் குரோமோசோமில் எம்.ஒய்.பி. மரபணுவின் அக்கம்பக்கத்திலும், 11ஆம் குரோமோசோமில் காமா மரபணுவுக்குச் சற்று முன்னாலும் இப்படிப்பட்ட வேறுபாடுகள் உண்டு.

சாதாரணமாக இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அரிவாள் அணு நோய் இருந்தால் கதை மாறும். அந்நோயுள்ள கைக்குழந்தைகளுக்கு முதல் மாதங்களில் தொந்தரவு குறைவாக இருப்பதை 1948இல் மருத்துவர் ஜேனட் வாட்சன் கவனித்து, சிசு ஹீமோகுளோபினே காப்பு என்றார். கூர்மையான ஊகம்! அந்தக் காமா சங்கிலிகள் சிவப்பணு அரிவாளாக வளைவதைத் தடுக்கின்றன. இந்தியப் பழங்குடியினர் பலரிடம் நோய் மரபணுவோடு இந்த 11ஆம் குரோமோசோம் மாற்றமும் சேர்ந்தே வருவதால், அவர்களிடம் நோய் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் காணும் அளவுக்குக் கடுமையாக இருப்பதில்லை. ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல.

2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை இதையே செயற்கையாகச் செய்கிறது: நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களில் பி.சி.எல்.11ஏவை இயக்கும் பகுதியைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு வெட்டுகிறார்கள். காமா மீண்டும் விழிக்கிறது.