சாப்பிட்ட உடனே டீயா? கொஞ்சம் தள்ளி வைங்க!



காலேஜ்ல ரத்ததான முகாம் நடக்கும்போது கவனிச்சிருக்கீங்களா? ஆர்வமா வரிசையில் வந்து நிற்பாங்க. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, "ஹீமோகுளோபின் கம்மியா இருக்கும்மா, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சிலரைத் திருப்பி அனுப்பிடுவாங்க. ரத்தம் கொடுக்க டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருக்கணும். திரும்பி வந்தவங்களை ரெண்டு நாள் கிண்டல் பண்ணிட்டு மறந்துடுவோம். ஆனா அது மறக்கிற விஷயம் இல்லைங்க.

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூணாவது மாடி லேபுக்கு ஏறினாலே மூச்சு வாங்குவது, எட்டு மணி நேரம் தூங்கியும் முதல் பீரியட்லயே சோர்வு, படிச்சது மனசுல நிக்காதது... இதையெல்லாம் 'சோம்பேறித்தனம்' என்று நாமளே முடிவு கட்டிடுறோம். உடம்புக்கு ஆக்சிஜன் கொண்டுபோகிற ஹீமோகுளோபின் குறைஞ்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

நல்லாத்தானே சாப்பிடுறோம்?

ஹீமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து வேணும். ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 19 மில்லிகிராம், பெண்களுக்கு 29 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. மாதவிடாயில் ரத்தம் போவதால்தான் பெண்களுக்கு அதிகம் தேவைப்படுது.

இங்கேதான் நம்ம பாடத்தில் வர்ற எஃபிசியன்சி கணக்கு வருது. கீரை, பயறு, சிறுதானியத்தில் இருக்கும் இரும்புச்சத்தில் சின்ன பங்கைத்தான் குடல் உறிஞ்சும். இன்புட்டைக் கூட்டினா மட்டும் போதாது, லாஸைக் குறைக்கணும்.

பெரிய லாஸ் எங்கே தெரியுமா? டீ கிளாஸில்! டீயிலும் காபியிலும் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். உடம்புக்குப் போக வேண்டியது வெளியே போயிடும். இட்லியும் டீயும் ஒண்ணா சாப்பிடுறது, மதியச் சாப்பாடு முடிஞ்ச கையோட கேன்டீனுக்கு ஓடுறது, ரெண்டும் வேண்டாம். டீயை விடச் சொல்லலை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

எலுமிச்சையின் வேலை

டீ கெடுக்கிறதை வைட்டமின் சி சரி பண்ணும். செடியிலிருந்து கிடைக்கும் இரும்பைக் குடல் எளிதா உறிஞ்சும் வடிவத்துக்கு அது மாற்றிடும். அதனால் கீரையோ சுண்டலோ சாப்பிடும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிஞ்சுக்கோங்க. கொதிக்கும்போது ஊத்தினா வைட்டமின் சி வீணாகும். இறக்கிய பிறகு பிழியணும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் அல்லது ஒரு கொய்யாவும் போதும்.

வேற என்ன செய்யலாம்? முருங்கைக்கீரை, கம்பு, எள்ளு, கொண்டைக்கடலை அடிக்கடி சேருங்க. பயறை முளைகட்டிச் சாப்பிட்டா உறிஞ்சுதலைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும். இட்லி, தோசை மாவு புளிக்கும்போதும் இதேதான் நடக்குது. வீட்டில் புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைக்கச் சொல்லுங்க. புளிப்பு இரும்பைக் கொஞ்சம் கரைச்சுக் குழம்பில் சேர்க்கும். அசைவம் சாப்பிடுறவங்களுக்கு ஈரல், சுவரொட்டி ரெண்டும் நல்லது. அந்த இரும்பு இன்னும் எளிதா உடம்பில் சேரும்.

பீட்ரூட் சிவப்பா இருக்கு, அதனால ரத்தம் ஊறும்னு சொல்லுவாங்க. அந்த நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. பிடிச்சா சாப்பிடுங்க, அதையே மருந்தா நம்பாதீங்க.

ஒரு முக்கியமான விஷயம்

உணவு ரத்தசோகை வராமல் தடுக்க உதவும். ஏற்கெனவே நல்லா குறைஞ்சிருந்தா கீரையை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீங்க. அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. பி12 குறைபாடு, குடல் புழு, அதிகமான மாதவிடாய்ப் போக்கு என்று வேற காரணமும் இருக்கலாம், அதை டாக்டர்தான் கண்டுபிடிக்கணும். இரும்பு மாத்திரை கொடுத்தா டீயோடவும் பாலோடவும் போடாதீங்க. மலம் கருப்பா போனா பயப்படவும் வேண்டாம், அது மாத்திரையால்தான். சோர்வு போயிடுச்சேன்னு பாதியில் நிறுத்தக் கூடாது. உடம்பின் சேமிப்பு நிரம்ப சில மாதம் ஆகும். ஸ்கூல்ல வாரா வாரம் கொடுத்த நீல மாத்திரை ஞாபகம் இருக்கா? டெஸ்க்குக்கு அடியில் போட்டோமே, அதுவும் இதே இரும்பு மாத்திரைதான்!

ஹாஸ்டல் நண்பர்களே, அடுத்த மெஸ் கமிட்டி மீட்டிங்ல ஸ்வீட் கேட்கிறதோடு, கீரை போடுற நாளில் ஆளுக்கு ஒரு துண்டு எலுமிச்சையும் கேளுங்க. பெரிய செலவில்லை, கண்டிப்பா தருவாங்க!