கல்லில் ஒரு பெயர்

ஊரிலிருந்து உற்றார் வந்தால் காட்டுவதற்கென்று தில்லித் தமிழர் இல்லந்தோறும் ஓர் இடப்பட்டியல் உண்டு. சென்ற மாசியில் என் அன்னையார் வந்திருந்தபோது அப்பட்டியலில் தேசியப் போர் நினைவகத்தையும் சேர்த்தேன். "அது மட்டும் வேண்டாமப்பா" என்றார்.

காரணம் நான் அறிந்ததே. அவருடைய தமையனார் மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாக இருந்து, 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் வீழ்ந்தவர். ஊர் வந்து சேர்ந்தவை ஒரு தந்தியும் ஒரு தகரப் பெட்டியுமே. உடலைக் காணாத பாட்டியார், தாம் கண்மூடும் வரை மகனுக்குப் படையலிட இசையவில்லை. "பெற்றவள் ஒப்பாததை நான் போய்க் கல்லில் பார்ப்பதா?" என்பது அன்னையாரின் வினா.

நான் வற்புறுத்தவில்லை, விவரம் மட்டும் கூறினேன். 1931-இல் திறக்கப்பெற்ற இந்தியா கேட், ஆங்கிலேயர் ஆட்சியில் முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கானியப் போரிலும் மாண்ட வீரர்களுக்கானது. விடுதலைக்குப் பின் உயிர் ஈந்தோர்க்கென அதன் அருகே 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பெற்றதே இந்நினைவகம். வளைவின்கீழ் 1972 முதல் எரிந்த அமர் ஜவான் சுடரும் 2022-இல் இங்குள்ள சுடருடன் இணைந்தது. வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சக்கரங்கள். அவற்றுள் தியாகச் சக்கரத்தின் கருங்கற் சுவர்களில் 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள். பரம வீரச் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் உண்டு. 1987-இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் அவர்களுள் ஒருவர். இதனை வடிவமைத்ததும் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்களே.

இரண்டு நாள் அன்னையார் பேசவில்லை. மூன்றாம் நாள், "அவன் பெயரைப் படிக்க நம்மை விட்டால் யார் வரப் போகிறார்கள்? புறப்படு" என்றார்.

பணியாளர் ஒருவர் வழிகாட்ட, அப்பெயரைக் கண்டோம். எழுத்தறியாத அன்னையாருக்கு என் பத்து வயது மகள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். அவர் அழவில்லை. வெகுநேரம் நின்றபின், "வரும் ஆடி அமாவாசையில் அண்ணனுக்கும் இலை போடலாம்" என்றார்.

நம் சங்கத்தில் இத்தகைய குடும்பங்கள் வேறு சிலவும் இருக்கக்கூடும். அன்பர்களே, நுழைவுக் கட்டணமில்லை. மாலை வேளை உகந்தது. ஆனால் போவதா வேண்டாமா என்பதை முதியோர்க்காக நாம் முடிவு செய்யலாகாது. அவர்கள் கேட்கும் வரை காத்திருப்போம். கேட்ட அன்றே விடுப்பு எடுத்து அழைத்துச் செல்வோம்.