கடவுள் கேட்பது என்ன?



பிள்ளைக்கு ஞானஸ்நானம், மகளுக்குத் திருமணம், வருடக் கடைசியில் கிறிஸ்மஸ். இப்படி ஒரு நல்ல நாள் வருகிறது என்றால், நம்முடைய கிறிஸ்துவக் குடும்பங்களில் பலருக்கு முதலில் எழும் கேள்வி, யாரிடம் கடன் வாங்கலாம் என்பதுதான். கூட்டுப் பணத்தைத் தள்ளி எடுக்கிறோம். நகை அடகுக் கடைக்குப் போகிறது. கேட்டால், "கடவுள் காரியம், குறை வைக்கலாமா?" என்கிறோம். அந்தக் கடவுள் நம்மிடம் என்னதான் கேட்டார் என்று இன்று பார்ப்போம்.

விவிலியத்தில் மீகா தீர்க்கதரிசியின் நூல் என்று ஒன்று உண்டு. ஏழே அதிகாரங்கள். மீகா கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதா நாட்டில் வாழ்ந்தவர். தலைநகரத்துக்காரர் அல்லர், எருசலேமுக்குத் தென்மேற்கே, சிறு குன்றுகளுக்கு நடுவில் இருந்த மொரேசா என்ற ஊரைச் சேர்ந்தவர். ஏழைகளின் வயலையும் வீட்டையும் பறிப்பதற்கு இரவெல்லாம் படுக்கையில் திட்டம் போட்டு, விடிந்ததும் அதைச் செய்து முடிப்பவர்களை அவர் கண்டித்தார். குறைந்த படியையும் கள்ள எடைக்கற்களையும் கண்டித்தார். கூலிக்குப் போதிக்கிற ஆசாரியர்களையும் அவர் விடவில்லை.

அவருடைய நூலின் ஆறாம் அதிகாரத்தில், கும்பிட வந்த ஒருவன் கேட்பதுபோல் ஒரு பகுதி வருகிறது. கடவுள் முன் எதைக் கொண்டுபோய் நிற்பேன் என்கிறான். ஒரு வயதுக் கன்றுகளா? ஆயிரக்கணக்கான ஆட்டுக்கடாக்களா? ஆறு ஆறாக எண்ணெயா? கடைசியில், என் தலைப்பிள்ளையையே கொடுக்கட்டுமா என்கிறான். ஏலக் கடையில் விலை ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போகிறது பாருங்கள்!

வந்த பதிலில் ஆடும் இல்லை, எண்ணெயும் இல்லை. நியாயமாக நட, இரக்கத்தை விரும்பு, உன் கடவுளோடு அடக்கமாக நட. இதுதான் அதன் கருத்து. மூன்றாவதற்கு எபிரேய மொழியில் உள்ள சொல் விவிலியத்தில் மிக அரிதாக வருவது. தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல், கவனத்தோடு இருப்பதை அது குறிக்கும். நடப்பது என்பது அன்றாடக் காரியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்து, திங்கள் முதல் சனி வரை உட்கார்ந்துவிட முடியாது.

"ஏழை என்றால் எதுவும் கொடுக்காமல் இருக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் கொடுத்த காணிக்கையை லூக்கா குறிப்பிடுகிறார். ஒரு ஜோடிப் பறவைகள், காட்டுப்புறாவோ புறாக்குஞ்சோ. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத தாய்மாருக்கு மோசேயின் சட்டமே அனுமதித்திருந்த காணிக்கை அது. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, கடன்பட்டு ஆட்டுக்குட்டி வாங்கியதாக லூக்கா எழுதவில்லை. கொண்டாட்டமே கூடாது என்று சொல்லவில்லை. கானாவூர்க் கல்யாணத்துக்கு இயேசுவே போனார். ஆனால் ஒரு நாள் விருந்துக்காக ஒரு வருடம் வட்டி கட்டினால், பிள்ளையின் பள்ளிக்கூடப் பஸ் காசுதானே முதலில் குறைகிறது? ஜெபம் முடிந்து, பக்கத்து வீடுகளுக்குக் கேசரியும் தேநீரும் கொடுத்தாலும் அது ஞானஸ்நானம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் நெடுங்காலமாகத் தாழ்மை என்றால் துரைக்கும் கங்காணிக்கும் முன் கைகட்டி நிற்பது என்று பழகிவிட்டோம். மீகா சொன்ன தாழ்மை அதுவல்ல. அவர் நியாயத்தை முதலில் வைத்தார். கடவுளுக்கு முன்தான் அடங்கச் சொன்னார். பால் கொட்டாயில் நிறுவை சரியா என்று மரியாதையாகக் கேட்கிறவர் தாழ்மை இழந்தவர் ஆகமாட்டார். பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவருக்கும் இதே நியாயம்தான், அதையும் மறக்கக்கூடாது.

எருசலேம் வயல்போல் உழப்படும் என்று மீகா அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, அதேபோல் பேசிய எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. அப்போது நாட்டுப் பெரியவர்கள் சிலர் எழுந்து மீகாவின் பேச்சை நினைவூட்டினார்கள். எசேக்கியா ராஜா அவரைக் கொன்றாரா, கடவுளுக்குப் பயந்து மனம் திரும்பவில்லையா என்று கேட்டார்கள். எரேமியாவின் உயிர் தப்பியது.