ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு ஏற்ற ஒட்டுப்பலகை

கடல் கடந்து செல்லும் சரக்கைக் காப்பது பெட்டி. ஆயினும், பெட்டியின் மரத்திற்குள் பூச்சி மறைந்து செல்லுமாயின், பிற நாட்டு மரங்களுக்கும் கேடு விளையும். 1996-இல் நியூயார்க்கில் காணப்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டு, சீனத்து மரப் பெட்டிகளின் வழியே புகுந்ததாகக் கருதப்படுகிறது. இத்தகைய கேட்டைத் தடுக்கவே 2002-இல் பன்னாட்டு விதி ஒன்று வகுக்கப்பட்டது. 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனமுள்ள அறுத்த மரத்தை, அதன் உட்பகுதியும் 56 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்குதல், அவ்விதி ஏற்கும் முறைகளுள் ஒன்று.

ஒட்டுப்பலகைக்கு இவ்விதியினின்று விலக்கு உண்டு. மெல்லிய மரத் தகடுகளைப் பசையிட்டு, வெப்பமும் அழுத்தமும் தந்து இணைப்பதால், பூச்சி அதில் எஞ்சுவதில்லை. தகடுகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைவதால் பலகை எளிதில் பிளப்பதுமில்லை.

பசையின் வகையையும் நோக்குதல் வேண்டும். யூரியா பிசின் உலர்ந்த இடத்திற்குப் போதுமானது. ஈரம் மிகுந்த கடற்பயணத்திற்குப் பீனால் பிசினே தக்கது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கும் செய்து காட்டலாம். இருவகைத் துண்டுகளையும் சில மணி நேரம் கொதிநீரில் இட்டால், யூரியா பிசினிட்ட தகடுகள் பிரியும். நன்கு செய்யப்பட்ட மற்றவை பிரியா.

ஒன்றை மறத்தலாகாது. பெட்டியின் சட்டங்களும் அடிக்கட்டைகளும் அறுத்த மரமாயின், அவற்றிற்கு விதி பொருந்தும். உரிய முத்திரை இல்லையேல், பலகை எத்துணைச் சிறந்ததாயினும் சரக்கு துறைமுகத்திலேயே தடுக்கப்படலாம்.