நீளும் குழாய்க்கு ஒரு துருத்தி

இலங்கையின் றப்பர் பிரதேசமான தெஹியோவிட்டவில் இருப்பவர்களுக்கு இழுபடும் பொருளைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பட்டையில் கத்தி பட்டதும் சிரட்டையில் சொட்டும் றப்பர் பால் அவர்களுக்கு அன்றாடம். ஆனால் பொயிலரிலிருந்து ஸ்டோருக்குள் போகும் இரும்புக் குழாயும் நீளும் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நீளத்தான் செய்கிறது. ஒரு மீற்றர் இரும்பை ஒரு பாகை சூடாக்கினால் 0.012 மில்லிமீற்றர் வளரும். தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை. ஆனால் 100 மீற்றர் நீராவிக் குழாய் ஒன்று காலையில் 30 பாகையில் கிடந்து, வேலை தொடங்கியதும் 180 பாகையைத் தொட்டால் கணக்கு 18 சென்ரிமீற்றருக்கு வந்துவிடும். ஏறக்குறைய ஒரு சாண்! கிரேப் றப்பர் உலர்த்தும் கூடத்தைச் சூடாக்கும் சுடுநீர்க் குழாயில் வளர்ச்சி குறைவு. 60 மீற்றர் நீளமும் 60 பாகை ஏற்றமும் என்று வைத்துக்கொண்டால் 4 சென்ரிமீற்றர் சொச்சம்.

இரு முனையையும் இறுகக் கட்டி அந்த ஒரு சாணைத் தடுத்தால் என்ன ஆகும்? உள்ளே எழும் தகைவு, சாதாரணக் குழாய் உருக்கு தாங்கக்கூடியதைவிட ஒன்றரை மடங்கு. குழாய் வளையும், விளிம்பு கசியும், அல்லது சுவரில் பதித்த பிடி பெயர்ந்து வரும்.

ஒரு காலத்தில் அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட வழியாக யட்டியாந்தோட்டைக்கு ஓடிய குறும்பாதை ரயிலுக்கும் இதே தொல்லை இருந்தது. தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அதைச் சமாளித்தார்கள். பெட்டிகளின் தடக் தடக் ஓசை அந்த இடைவெளியின் குரல்தான். குழாயில் இடைவெளி விட்டால் நீராவி போய்விடும். இடம் தாராளமாக இருந்தால் குழாயையே ‘ப’ வடிவில் வளைத்துவிடலாம். மலைச்சரிவில் இறங்கும் நீர்மின் குழாய்களில் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் உறைகள் போதும்: தண்ணீர் குளிர்ந்தது, வெயிலால் வரும் அசைவும் சிறியது.

இட நெருக்கடியும் கடுஞ்சூடும் சேர்ந்தால் வருவதுதான் உலோகத் துருத்தி. கொல்லன் பட்டறையிலும் ஆர்மோனியத்திலும் பார்த்த அதே மடிப்பு. தோலுக்குப் பதில் துருப்பிடிக்காத உருக்குத் தகடு. றப்பர் இணைப்புகளும் உண்டு, குளிர்நீர்ப் பம்புகளில் நன்றாகவே உழைக்கும். 180 பாகையில் இயற்கை றப்பர் கெட்டுப்போகும் என்பதால் றப்பர் நாட்டிலும் இங்கே உலோகம்தான்.

தகடு மெல்லியதாக இருந்தால்தான் மடிப்பு அசையும். வில்லங்கம் அங்கேதான். நீளத் தயாராக இருக்கும் துருத்தியை உள்ளழுத்தமும் நீட்டப் பார்க்கும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள துருத்தியில் 10 பார் அழுத்தம் இருந்தால், அது இரு பக்கமும் 7 தொன் விசையோடு தள்ளும். அந்தத் தள்ளலை வாங்க நங்கூரப் பிடிகளோ இழுகம்பிகளோ இல்லாவிட்டால், நெகிழ்ச்சிக்காக வைத்ததே குழாயைப் பிய்த்துவிடும்.

இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1ஆம் திகதி நடந்தது இதைத்தான் காட்டுகிறது. நைலோனுக்கான மூலப்பொருள் செய்யும் தொழிற்சாலை அது. வரிசையாக நின்ற ஆறு கலன்களில் ஐந்தாவது வெடிப்புக் கண்டதால் அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். இரு முனையிலும் 28 அங்குலத் துருத்திகள். கலன்களின் வாய்கள் ஒரே மட்டத்தில் இல்லாததால் குழாய் நாய்க்கால்போல் மடிந்திருந்தது. வரைபடம் பட்டறைத் தரையில் சோக்கட்டியால் போட்டது. அதைத் தாங்கியவை சாரக் கம்பிகள். துருத்திகள் ஒன்றுக்கொன்று எதிராக 35 தொன் அளவில் தள்ளின. மட்டம் வேறாக இருந்ததால் அந்தத் தள்ளல் குழாயை முறுக்கி வளைத்தது. அந்த விசையை யாரும் கணக்கிடவே இல்லை. இரண்டு மாதம் தாங்கிய குழாய் ஒரு சனிக்கிழமை மாலை விட்டது. வெளியேறிய சைக்ளோஹெக்சேன் தீப்பற்றி வெடித்து 28 பேர் இறந்தார்கள். வார நாளாக இருந்திருந்தால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும்.

இன்று துருத்தி பொருத்தும் பொறியியலாளர் முதலில் பார்ப்பது துருத்தியை அல்ல, அதன் அக்கம்பக்கத்தை. குழாயை நேராக ஓடவைக்கும் முதல் வழிகாட்டி, துருத்தியிலிருந்து குழாய் விட்டத்தின் நான்கு மடங்குக்குள் இருக்கவேண்டும் என்பது பரவலான நடைமுறை. இரண்டாவது, அதிலிருந்து பதினான்கு மடங்குக்குள்.

புதிய துருத்தியோடு சில கம்பிகளும் வரும். பயணத்தில் மடிப்பு நசுங்காமலிருக்க மாட்டிய கம்பிகளுக்குப் பெரும்பாலும் மஞ்சள் பூச்சு. பொருத்தி முடித்ததும் அவற்றைக் கழற்றாவிட்டால் துருத்தி அசையாது. தள்ளலைத் தாங்கும் இழுகம்பிகளும் கிட்டத்தட்ட அதே தோற்றம்தான். அவற்றின் மேல் ஸ்பானர் படவே கூடாது.